சாதாரணம்

— மேல வந்து உன் சீட்டைப் பாக்கலாமான்னு கேட்டேன். அந்த செக்யூரிட்டித் தம்பி, "விசிட்டருக்கு சோபா வரைக்கும்தான் சார்"னுட்டான். சரி, சோபா வரைக்கும்னா சோபா வரைக்கும். உக்காந்துட்டேன். அதான் விஷயம்.

— எவ்வளவு நேரமாப்பா உக்காந்திருக்கீங்க?

— இப்பதான்.

— இப்பதான்னா?

— மத்தியானத்துலேருந்து.

— அப்பா! ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?

— வேலை நேரத்துல எதுக்குத் தொந்தரவு? ஏசி போட்டிருக்கான், குடிக்கத் தண்ணி வச்சிருக்கான். சோபாதான் சரியில்ல, உக்காந்தா ஆளையே முழுங்கிடுது. அது என்ன கழுத்துல, அட்டையா? காட்டு. போட்டோல ஏன் இப்படி முறைச்சிட்டிருக்கே?

— சிரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க.

— சிரிக்கக் கூடாதுன்னா முறைக்கணும்னு அர்த்தமா? என்கிட்ட கார் கத்துக்க வர்ற பசங்களும் இப்படித்தான். லைசென்ஸ் போட்டோல ஒருத்தனாவது மனுஷனா இருப்பானான்னு பாக்கறேன், எல்லாம் ஜெயில்லேருந்து தப்பிச்சு வந்த மாதிரியே இருக்கானுங்க. சரி, நட குட்டி. வெளிய போய்ப் பேசுவோம். இங்க பெருசா மூச்சு விட்டாலே எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க.

— பையைக் குடுங்க.

— எதுக்கு?

— குடுங்கப்பா. நான் தூக்கறேன்.

— அடேங்கப்பா. காலேஜ் ஹாஸ்டல்ல உன்னைக் கொண்டுவிட்டப்ப, தலகாணி உட்பட நான்தான் மூணு மாடி தூக்கிட்டு ஏறினேன். நீ கையை வீசிட்டு முன்னாடி போனே.

— குடுங்கன்னா.

— சரி, சரி, பிடுங்காதே. பாத்து. உள்ள அம்மா தச்சது இருக்கு, உனக்கு ரெண்டு சட்டை. பள்ளிக்கூட யூனிஃபார்மா தச்சுத் தள்ளற கை, ஆபீஸ் சட்டைன்னதும் ஏதோ படத்தைப் பாத்துப் பாத்துக் கழுத்து வெட்டியிருக்கா. மூணு தரம் பிரிச்சா. நல்லாயில்லன்னாலும் நீ சொல்லக் கூடாது.

— நல்லாத்தான் இருக்கும்.

— பாக்காமலே சொல்றே.

— அம்மா தச்சா நல்லாத்தான் இருக்கும். இந்தப் பக்கம் வாங்க. ரோட்டை நேரா கடக்க முடியாது, பாலத்துல ஏறி இறங்கணும். அந்த மூலைல லிஃப்ட் இருக்கு.

— இந்தப் படிக்கு லிஃப்டா?

— நிறைய படிப்பா.

— உங்க ஆபீஸ்காரனுங்க எல்லாம் லிஃப்ட்ல போய்த்தான் இப்படி வெளுத்துப்போய் இருக்கானுங்க. வா.

— மெதுவா ஏறுங்க. ஓடாதீங்க.

— எங்க ஓடறேன்? நடக்கறேன்.

— கம்பியைப் பிடிச்சுக்கங்க.

— என்ன ஆச்சு உனக்கு? சரி, பிடிச்சாச்சு. போதுமா? ஏ அப்பா... இங்கேருந்து பாத்தா ரோடு எப்படி இருக்கு! இவ்வளவு வண்டியும் எங்க போகுது? அந்த வெள்ளைக் கார் பாரு. அவன் கால் கிளட்ச்சை விட்டு எழும்பவே இல்ல. வண்டி அழுவுது, இவன் கண்டுக்கல. பின்னாடி வர்றவன் பாரு, காரணமே இல்லாம ஹாரன் அடிக்கிறான். காலைல வீட்ல வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருக்கான். ஒரு ஆள் ஓட்டறதை ஒரு நிமிஷம் பாத்தா போதும், அவன் மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லிடுவேன். அதான் விஷயம்.

— நானும் அதே வேலைதான்பா பாக்கறேன்.

— என்னது?

— வாராவாரம் போன்ல கேப்பீங்கல்ல, என்ன வேலை பாக்கறேன்னு.

— கேட்டா "டேட்டாப்பா"ன்னு சொல்லுவே. உங்க அம்மா என்னைக் கேப்பா. நானும் "டேட்டா"ம்பேன். ரெண்டு பேரும் பெருமையா தலையை ஆட்டிக்குவோம்.

— எங்கயாவது போன் பண்ணினா, "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது"ன்னு முதல்ல ஒரு குரல் வரும்ல?

— வரும். அப்புறம் பாட்டைப் போட்டு நம்மைக் கொல்லுவான்.

— அந்தப் பதிவெல்லாம் எங்ககிட்ட வரும். சின்னச் சின்னத் துண்டா வெட்டி வரும். நாங்க ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கேப்போம். பேசறவங்க கோபமா இருக்காங்களா, சோகமா இருக்காங்களா, பயமா, சந்தோஷமா, இல்ல சாதாரணமான்னு பாத்து ஒரு பட்டனை அழுத்தணும். அழுத்தினதும் அடுத்த துண்டு வந்துடும்.

— அப்புறம்?

— அப்புறம் அதுக்கு ஒரு பட்டன்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— எதுக்கும்மா இது?

— மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு. நாங்க நிறைய அழுத்திக் குடுத்தா அது கத்துக்கும். அப்புறம் யாராவது போன்ல கத்தினா, இந்த ஆள் கோபமா இருக்கான், இவனை மேனேஜருக்கு மாத்துன்னு அதுவே முடிவு பண்ணிடும்.

— மெஷினுக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன்னு சொல்லு.

— அப்படித்தான்.

— நல்லா ஓட்டுதா?

— இப்போதைக்கு ரிவர்ஸ்ல போய் இடிக்குது.

— ஹா! இதை முன்னாடியே சொல்லியிருந்தா ஊர் பூரா சொல்லியிருப்பேனே. எங்க வீட்ல ரெண்டாவது மாஸ்டர் வந்தாச்சுன்னு. ஆனா குட்டி, நாள் பூரா அடுத்தவன் கோபத்தையும் அழுகையையுமா காதுல வாங்கறே?

— அழுகை கம்மிப்பா. கோபம்தான் ஜாஸ்தி. முதல் வாரம் ஒரு அம்மா பேசினாங்க, பையனுக்கு அனுப்பின பார்சல் திரும்பி வந்துடுச்சுன்னு. அந்த அட்ரஸ்ல அவன் இல்லையாம். வேற அட்ரஸ் உங்ககிட்ட இருக்கான்னு கொரியர்காரன்கிட்ட கேக்கறாங்க. நான் பாத்ரூம்ல போய் அழுதேன்.

— இப்ப?

— இப்ப முழுசாவே கேக்கறதில்ல. மூக்கை உறிஞ்சற சத்தம் வந்தா போதும், சோகத்தை அழுத்திட்டுப் போயிடுவேன். மிச்சத்தைக் கேட்டாலும் அதே பட்டன்தானே. எங்க டீம் லீட் மேடம் எல்லாரையும் நிக்க வச்சு எனக்குக் கைதட்ட வச்சாங்க. புதுசா வந்ததுல நான்தான் வேகமாம். படிப்பை முடிச்சிட்டு இங்கயே வந்துடுன்னு சொல்லிட்டாங்க.

— வந்துடுன்னா? வேலையா? ட்ரெய்னிங் இல்லாம நிஜ வேலையா?

— ம்.

— அடிப்பாவி! இதை வயித்துல வச்சுக்கிட்டா பையைக் குடு, கம்பியைப் பிடின்னு வந்துட்டிருக்கே? அம்மாகிட்ட சொன்னியா?

— இல்ல.

— ஏன்?

— தெரியல. சொல்லணும்னு தோணல.

— சந்தோஷமா இல்லையா?

— எப்படி இருக்கேன்னு எனக்கே தெரியலப்பா. ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில் பொண்ணு அன்னிக்கு உக்காந்து அழுதா. ரெண்டு வருஷமா பேசிட்டிருந்தவன் வேற யாரையோ கட்டிக்கப் போறானாம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறா. எனக்கு மனசுல, "சோகம்"னு மட்டும் வருது. அவ்வளவுதான். அடுத்தது எப்ப வரும்னு உக்காந்திருக்கேன்.

— ஊர் புதுசு. வேலை புதுசு. சாப்பாடு ஒத்துக்கல. எல்லாம் சரியாயிடும்.

— டீ குடிக்கலாமா? பாலத்துக்குக் கீழ கடை இருக்கு. ஸ்டூல் போட்டிருப்பாங்க, நீங்க உக்காரலாம்.

— நான் உக்காரலாம்னா? நீ நிக்கப் போறியா?

— அந்த நடுப்படி உடைஞ்சிருக்கு, பாத்து. அண்ணா, ரெண்டு டீ. ஒண்ணு சர்க்கரை இல்லாம.

— யாருக்குச் சர்க்கரை இல்லாம?

— உங்களுக்குத்தான்.

— எனக்கா! தம்பி, அவ சொல்றதைக் கேக்காதீங்க, ரெண்டு கரண்டி போடுங்க. ஏன்டா, வந்ததுலேருந்து பாக்கறேன். பையைப் பிடுங்கறே, லிஃப்ட்டுங்கறே, சர்க்கரை வேணாங்கறே. நான் என்ன உன்கிட்ட பிரசவத்துக்கா வந்திருக்கேன்?

— எதுக்கு வந்தீங்க?

— இதென்ன கேள்வி? உன்னைப் பாக்க.

— வண்டி காலைலயே வந்திருக்கும். மத்தியானம் வரைக்கும் எங்க இருந்தீங்க?

— ஊர் சுத்திப் பாத்தேன்.

— எங்க?

— அங்க இங்க. பெரிய பெரிய கட்டடம். எல்லாத்துக்கும் கண்ணாடி. துடைக்கறவன் பாடு திண்டாட்டம்.

— மெலிஞ்சு போயிருக்கீங்க.

— பெல்ட்டுல ஒரு ஓட்டை உள்ள போயிருக்கு, அவ்வளவுதான். நல்லதுதானே? அம்மா பத்து வருஷமா சொல்லிட்டிருந்தா, தொந்தியைக் குறைன்னு. குட்டி, உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்னுதான்...

— சொல்லுங்க.

— ஒண்ணுமில்ல. பழைய காரைக் குடுத்துடலாமான்னு பாக்கறேன். கத்துக்க வர்றவனுங்க எல்லாம் ஆட்டோமேட்டிக் வேணுங்கறானுங்க. கியரே போடத் தெரியாம ஒரு தலைமுறை வரப்போகுது.

— இதைச் சொல்லவா வந்தீங்க?

— இதுவும்தான். சரி, அந்தப் பதிவு எல்லாம்... எந்தக் கம்பெனியோடது?

— சொல்லக் கூடாது. கையெழுத்து வாங்கியிருக்காங்க.

— அப்பன்கிட்ட என்ன ரகசியம்? நான் போய் எவன்கிட்ட சொல்லப் போறேன்?

— எல்லாம் வரும்ப்பா. பேங்க். கொரியர். ஃபிரிட்ஜ் ரிப்பேர்.

— ம். ஃபிரிட்ஜ்.

— ஆஸ்பத்திரி. டீ ஆறிடும்ப்பா. குடிங்க.

— ஆஸ்பத்திரிக்குப் பேசறதுகூடவா?

— போன வாரத்துலேருந்து வருது.

— ஆனா பேர் எல்லாம் தெரியாதுல்ல?

— தெரியாது. பேர் வர்ற இடத்துல கீன்னு ஒரு சத்தத்தைப் போட்டு மறைச்சிருப்பாங்க. ஊர், போன் நம்பர், என்ன நோய், எல்லாமே கீதான். குரலை மட்டும் மறைக்க மாட்டாங்க. அதைக் கேக்கத்தானே நாங்க இருக்கோம்.

— நல்ல ஏற்பாடு. அப்படித்தான் இருக்கணும். பாவம், யார் யாரோ என்னென்னவோ பேசுவாங்க.

— ஒருத்தர் பேசினார்ப்பா. வாக்கியத்துக்கு ஒரு தரம் "அதான் விஷயம்" "அதான் விஷயம்"னு.

— உலகத்துல நான் ஒருத்தன்தான் அப்படிப் பேசறேனா?

— "எங்க பொண்ணு இப்பதான் ஒரு பெரிய ஆபீஸ்ல முதல் கியர் போட்டிருக்கா சிஸ்டர், நடுவுல பிரேக் போட வைக்கக் கூடாது, அதான் விஷயம்"னு சொன்னார்.

— போதும்டா.

— "ரிசல்ட் வந்தது வீட்ல யாருக்கும் தெரியாது. ட்ரீட்மென்ட்டை அவ வர்ற வரைக்கும் தள்ளிப்போட முடியுமா?"ன்னு கேட்டார். "டாக்டரைத்தான் கேக்கணும் சார், ஆனா தள்ளிப்போடறது நல்லதில்ல"ன்னாங்க அந்த சிஸ்டர். அத்தோட துண்டு முடிஞ்சிடுச்சு.

— எப்ப கேட்டே?

— செவ்வாக்கிழமை. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி.

— என்ன பண்ணினே?

— பட்டன் அழுத்தினேன்.

— என்னன்னு?

— சாதாரணம்.

— சாதாரணமா?

— நீங்க அழலப்பா. குரல்கூட ஏறல. கடைல போய் ஒரு சாமான் இருக்கான்னு கேப்போம்ல, அப்படிக் கேட்டீங்க. கை தானா அழுத்திடுச்சு. அடுத்தது வந்துடுச்சு. ஒருத்தர் ஃபிரிட்ஜ்ல ஐஸே கட்டலன்னு கத்தினார். கோபம். அடுத்தது. அப்புறம் சாப்பிடப் போனேன். சாப்பிட்டேன்ப்பா. எப்பவும் சாப்பிடற அளவு சாப்பிட்டேன். பக்கத்துல இருந்தவ ஏதோ ஜோக் சொன்னா, சிரிச்சேன். திரும்பி வந்து சாயங்காலம் வரைக்கும் அழுத்தினேன். அன்னிக்கும் நான்தான் வேகம்.

— யார் குரல்னு அப்ப தெரியலல்ல? அவ்வளவு சத்தத்துல எப்படித் தெரியும்?

— தெரிஞ்சுது. முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுது. தெரிஞ்ச குரல் வந்தா அழுத்தாம விட்டுட்டு மேடம்கிட்ட சொல்லணும், அதுதான் ரூல். நான் அதைக்கூடப் பண்ணல. அன்னிக்கு ராத்திரி போர்வையை இழுத்து மூடிக்கிட்டு, இப்ப வரும் இப்ப வரும்னு காத்திருந்தேன். அழுகை வரல. நேத்து நீங்க போன் பண்ணி, சும்மா பாக்க வர்றேன்னு சொன்னப்பவும் வரல. இப்ப நீங்க எதிர்லயே உக்காந்திருக்கீங்க. இப்பவும் வரல.

— வராட்டி போகுது. அழுகை என்ன பஸ்ஸா, நீ போய் ஸ்டாப்புல நின்னதும் வர?

— எனக்கு என்னவோ ஆயிடுச்சுப்பா.

— ஒண்ணும் ஆகல. நாள் பூரா வண்டிச் சத்தத்துல இருந்துட்டு வீட்டுக்குப் போனா எனக்கே ரொம்ப நேரம் காது அடைச்சிருக்கும். அம்மா பேசறது தண்ணிக்கு உள்ளேருந்து பேசற மாதிரி கேக்கும். காது போயிடுச்சுன்னா அர்த்தம்?

— அந்தத் துண்டைத் திரும்பத் தேடினேன். அழுத்தினது திரும்பக் கிடைக்காதாம். அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்களேன்.

— என்னத்தை?

— அன்னிக்குச் சொன்னதை. அதே குரல்ல. நான் சரியா கேக்கல.

— வேணாம்டா.

— ஒரே ஒரு தடவை.

— கடைக்காரர் பாக்கறார்.

— பாக்கட்டும்.

— ட்ரீட்மென்ட்டை... அவ வர்ற வரைக்கும் தள்ளிப்போட முடியுமா சிஸ்டர்?

— இப்படிச் சொல்லல நீங்க. இப்ப பயந்து சொல்றீங்க.

— அன்னிக்கும் பயம்தான். முட்டி ரெண்டும் ஆடிட்டிருந்துச்சு. போன்ல முட்டி தெரியாது. பயந்தவன் பயத்தை மறைச்சுப் பேசினா அதுக்கு உங்க மெஷின்ல பட்டன் இருக்கா?

— இல்ல.

— அப்ப உன் தப்பு இல்ல. பட்டன் வைக்காதவன் தப்பு.

— காலைல ஆஸ்பத்திரிக்குத்தானே போனீங்க?

— ஆமா.

— தனியாவா?

— தனியாத்தான்.

— என்ன சொன்னாங்க?

— தள்ளிப்போட முடியாதுன்னுட்டார் டாக்டர். அடுத்த வாரமே ஆரம்பிக்கணுமாம்.

— குணமாகுமா?

— அந்த டாக்டர் நல்ல மனுஷன்தான். ஆனா ரெண்டு பக்கமும் இண்டிகேட்டரைப் போட்டுக்கிட்டு நடு ரோட்ல போறார். லேட்டுன்னும் சொல்ல முடியாதாம், சீக்கிரம்னும் சொல்ல முடியாதாம். மருந்து கேக்குதான்னு பாத்துட்டுத்தான் சொல்லுவாராம்.

— ஊசி போடுவாங்களா? கையில ஏத்துவாங்களே, அதுவா?

— அதுதான். ஒரு நாள் ஏத்துவாங்க, கொஞ்ச நாள் விடுவாங்க, திரும்ப ஏத்துவாங்க. சாப்பாடு பிடிக்காது, முடி கொட்டும், ஆனா திரும்ப வளந்துடும்னார்.

— உங்களுக்குக் கொட்டறதுக்கு என்னப்பா இருக்கு? காதோரம் ரெண்டு முடி. அதுவும் போனா சீப்பு மிச்சம்.

— தம்பி, கொஞ்சம் தண்ணி குடுங்க.

— அப்பா? சும்மா ஜோக்குக்குச் சொன்னேன். நீங்க இதுக்குச் சிரிப்பீங்கன்னு நெனச்சேன்.

— சிரிக்கறேன் சிரிக்கறேன். டீ புரையேறிடுச்சு.

— வலிக்குதாப்பா உங்களுக்கு?

— எனக்கா? ஒரு வலியும் இல்ல.

— பொய் சொல்லாதீங்க.

— உன் மேல சத்தியமா எனக்கு ஒரு வலியும் இல்ல. குட்டி, இங்க பாரு. அந்த டம்ளரைக் கீழ வை. நான் வந்தது இதைச் சொல்லத்தான். மத்தியானத்துலேருந்து அந்த சோபால உக்காந்து, எப்படி ஆரம்பிக்கறதுன்னு மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன். நீ பாதியைக் கேட்டுட்டே. மிச்சப் பாதியையும் நான் சொல்லிடறேன், குறுக்க பேசாம முழுசாக் கேளு. அந்த ரிசல்ட் வந்திச்சில்ல...

— உங்க போன் அடிக்குது.

— அடிக்கட்டும்.

— அம்மாப்பா. எடுக்கலன்னா பயந்துடுவா.

— நீயே எடு. ஸ்பீக்கர்ல போடு. எதையும் உளறிடாதே.

— ஹலோ, அம்மா?

— கேக்குதா? ஏங்க, கேக்குதா?

— நான்தான்மா. நல்லா கேக்குது. ஏன் கத்தறே?

— நீயா செல்லம்! அவ்வளவு தூரம் போகணும்ல குரல், அதான் கத்தறேன். அப்பா வந்து சேந்தாரா? சேந்ததும் பேசறேன்னு போன மனுஷன் என்ன ஆனாரோன்னு பாத்தேன். சட்டை போட்டுப் பாத்தியாடி?

— இன்னும் இல்லம்மா. இப்பதான் பாத்தோம், டீ குடிச்சிட்டிருக்கோம்.

— கழுத்து கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தா சொல்லு, ரெண்டு தையல் போட்டா தூக்கிடும். பட்டன் எல்லாம் இறுக்கித் தச்சிருக்கேன், இழுத்தாலும் வராது. ஆபீஸ்ல எல்லாரும் நல்லா பாத்துக்கறாங்களா?

— பாத்துக்கறாங்க.

— குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

— ஒரு மாதிரின்னா எப்படிம்மா?

— இஸ்திரி போட்ட மாதிரி. ஒரு மடிப்பு இல்ல.

— வேலைம்மா. களைப்பு. நீ என்ன பண்றே?

— என்ன பண்றேன், சாயங்காலம் வரைக்கும் தூங்கிட்டு இப்பதான் முகத்தைக் கழுவினேன். யூனிஃபார்ம் வாங்க வந்தவங்க கதவைத் தட்டிட்டுத் திரும்பிப் போயிட்டாங்களாம். வெக்கமா போச்சு.

— தூங்கினா தூங்கிட்டுப் போறே. தையல் மிஷின்ல உக்காராதேன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்?

— இந்தா வந்துட்டார்! கேட்டியாடி உங்க அப்பாவை? ரெண்டு வாரமா இதே பாட்டுதான். அது பண்ணாதே, இது தூக்காதே. இத்தனை வருஷம் இல்லாத பாசம் திடீர்னு பொத்துக்கிட்டு வந்திருக்கு. எதையோ உடைச்சிட்டு மறைக்கறாரோன்னு பாத்திரத்தை எல்லாம் எண்ணிப் பாத்துட்டேன்.

— காபி போட்டுக் குடிச்சியா?

— குடிச்சேங்க. நாளைக்கு எப்ப வர்றீங்க?

— மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன். கதவைத் தாப்பா போட்டுக்கோ.

— போட்டுக்கறேன். செல்லம், ஒழுங்கா சாப்பிடு. வச்சிடட்டுமா? வச்சிடறேன். கேக்குதா? வச்சிடறேன்.

— வச்சிட்டா.

— வச்சிட்டாளா, நல்லா பாரு. அவ வச்சிட்டேன்னு சொல்லிட்டு வைக்காமலே பேசிட்டிருப்பா.

— வச்சாச்சுப்பா. அம்மாவுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. பாத்திரம் எண்ணற அளவுக்கு வந்துடுச்சு. எத்தனை நாளைக்கு இப்படி ஓட்டுவீங்க?

— ஓட்டற வரைக்கும்.

— நான் நாளைக்கு உங்களோட வர்றேன்.

— வேலை?

— மேடம்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். என் சீட்டுக்கு இன்னொருத்தி வந்து உக்காருவா. பட்டன்தானே.

— அவங்க வேலை குடுக்கறேன்னு சொன்னாங்களே. பாதியில போனா குடுப்பாங்களா?

— தெரியல. அதைப் பத்தியும் எதுவும் தோணல. வீட்டுக்கு வந்து நானே அம்மாவை உக்கார வச்சுச் சொல்லிடறேன்.

— அம்மாகிட்ட இப்ப சொல்லக் கூடாது.

— இன்னுமா? டாக்டர் அடுத்த வாரம்னு சொல்லிட்டார்ங்கறீங்க. மருந்து ஏத்தற அன்னிக்கு என்ன சொல்லிட்டுப் போவீங்க, கார் கத்துக் குடுக்கப் போறேன்னா? திரும்பி வந்து வாந்தி எடுப்பீங்க, என்னன்னு சொல்லுவீங்க?

— குட்டி, மெதுவா.

— முடியாதுப்பா. ஆஸ்பத்திரில கூட உக்கார ஆள் வேணும். நெத்தியைப் பிடிச்சுக்க ஆள் வேணும். வேளாவேளைக்குக் கஞ்சி வச்சுக் குடுத்து, வேணாம்னாலும் திட்டிக் குடிக்க வைக்க ஆள் வேணும். அம்மா தாங்குவா. நீங்கதான் அம்மாவைத் தப்பா கணக்குப் போடறீங்க. கல்லு மாதிரி நிப்பா.

— தெரியும். அவளைப் பத்தி எனக்குத் தெரியும்.

— அப்புறம் என்ன? அம்மாவை விட்டா இதெல்லாம் செய்யறதுக்கு நம்ம வீட்ல வேற யாருப்பா இருக்கா?

— நாம ரெண்டு பேர் இருக்கோம்டா. அந்த ரிசல்ட் என்னோடது இல்ல, அம்மாவோடது.